பழவங்காடியில் ஒரே ஒரு தேங்காய்

எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் அத்தை, அப்பாவின் தங்கை. ஆனால் கவுன்சிலரின் கடிதங்களில் கையெழுத்து மட்டும்தான் அத்தையுடையது. சாலைக் கடைத்தெருவில் ஓடை அடைத்தாலும், யாருக்காவது பென்ஷன் நின்றுபோனாலும் ஆட்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அம்மா பொறுமையாகக் கேட்டு, மாநகராட்சிக்கு ஒன்று, கட்சியின் மாவட்டத் தலைவருக்கு ஒன்று என்று மலையாளத்தில் எழுதிவைப்பாள். சாயங்காலம் அத்தை வந்து, காப்பி குடித்துக்கொண்டே ஒப்புப் போட்டுவிட்டுப் போவாள்.

அடுத்த தேர்தலிலும் அத்தையைத்தான் நிறுத்தினார்கள். வேட்பாளரின் மனு தள்ளுபடியாகிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவரையும் மனுக் கொடுக்க வைப்பது கட்சிகளின் வழக்கம். அந்த ஆளுக்கு டம்மி என்று பெயர். வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டதும் டம்மி வாபஸ் வாங்கிவிட வேண்டும். வெளியாளை நம்ப முடியுமா? அத்தை அம்மாவைப் போட்டாள்.

வாபஸ் வாங்கக் கடைசி நாளான சனிக்கிழமை காலை, அத்தைக்கு ஆகாத கோஷ்டிக்காரர் ஒருவர் மேலிடத்துக் கடிதத்தோடு வந்தார். அம்மா களத்தில் நின்றால் கட்சிச் சின்னம் அம்மாவுக்கே என்றது கடிதம்.

“சேச்சி ஒண்ணும் செய்யாண்டாம். மூணு மணி வரைக்கும் வெறுதே வீட்டுல இருந்தா போதும். பாக்கிய நாங்க நோக்கிக்கிடுதோம்.”

அவர் போனதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பழவங்காடி பிள்ளையார் கோவிலுக்குப் போய், கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். அம்மா தேர்தலில் நின்றால் அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டாள் என்பது பத்து வயதுக்கே புரிந்தது. ‘அம்மா வாபஸ் வாங்கிவிடட்டும், தேங்காய் உடைக்கிறேன்’ என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

சாலைக் கடைத்தெருவில் செய்திக்குக் கால் முளைக்க நேரமாகாது. மத்தியானமே அப்பா இரும்புக்கடையை அடைத்துவிட்டு வந்தார். “உன் இஷ்டம்,” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பின்னாலேயே அத்தை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மதினி, நேரமாகுதுல்லா. வாறீங்களா?”

“நீ போ. நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள் அம்மா.

அத்தையின் முகம் வெளிறிவிட்டது. அவள் போன பிறகு அம்மா யாருக்கோ பென்ஷன் கடிதம் எழுத உட்கார்ந்தாள். இரண்டரை மணிக்குக் கடிதம் முடிந்தது. வழக்கம்போல ஒப்புக்கு இடம் விட்டாள். விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“அத்தை இனிமே வரவே மாட்டாளாம்மா?”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, “வா, போவோம்,” என்றாள்.

கிழக்கேகோட்டை பஸ் நெரிசலில் ஆட்டோ நின்றுவிட்டது. நான் பிள்ளையாரை விடாமல் நச்சரித்தேன். தேர்தல் அலுவலகத்துக்குள் நாங்கள் ஓடி நுழைந்தபோது மூன்று மணி ஆக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அம்மா எத்தனையோ கடிதம் எழுதிப் பார்த்திருக்கிறேன். தன் பெயரை எழுதி ஒப்புப் போட்டு நான் பார்த்தது அன்றுதான். அங்கே காத்திருந்த அத்தை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திரும்பும் வழியில் என் வேண்டுதலைச் சொன்னேன். அம்மா பழவங்காடியில் ஆட்டோவை நிறுத்தி, ஒரு தேங்காய் வாங்கித் தந்தாள். ஓங்கி எறிந்தேன். நன்றாகச் சிதறியது.

“சேச்சிக்கு வேண்டே?” என்று கேட்டார் தேங்காய்க் கடைக்காரர்.

“எனக்கு வேண்டாம் சேட்டா. நான் வேண்டிக்கிட்டது நடக்கல்ல.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவையும் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளையார் என் பேச்சைக் கேட்டிருக்கிறாரே! அம்மா என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.