வீடு திரும்பிய பிறகு வந்த காய்ச்சல்

மத்தியான வெயிலில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த செல்வி உள்ளே வந்து, "அம்மா, குளிருது" என்றாள். மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பகுதியில் அந்த நேரத்தில் யாருக்கும் குளிராது. நெற்றியைத் தொட்டேன். பெரிதாகச் சுடவில்லை. விரல் நுனிகள் மட்டும் நீலம் பாரித்திருந்தன. போர்வையைச் சுற்றிவிட்டேன். அவள் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் அடுப்படி வரை கேட்டது. காய்ச்சல் அதன் பிறகுதான் ஏறியது.

அவளுக்கு அப்போது ஆறு வயது. தம்பி குமாருக்கு மூன்று. மலாயா சுதந்திரம் அடைந்த மறு வருஷம். என் கணவர் அரசாங்க மராமத்து வேலையில் இருந்தார். பகாங் காட்டுப் பகுதியில் பாலம் கட்டும் இடத்துக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய்த் தங்கிவிட்டு வந்திருந்தோம்.

பிள்ளைகளோடு காட்டுப் பக்கம் போகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆகவே நாங்கள் எடுத்துக்கொண்ட கவனத்தையும் சொல்ல வேண்டும். கொதிக்க வைக்காத தண்ணீரை ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே முழுக்கைச் சட்டை போட்டுவிடுவேன். கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். அட்டை கடித்த இடங்களில் அயோடின் தடவினேன். மலேரியா தடுப்பு மாத்திரையைப் பொடித்து, வாழைப்பழத்தில் மறைத்து, தினமும் இருவருக்கும் ஊட்டினேன். செல்வி முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குவாள்.

வீடு வந்து சேர்ந்ததும் மாத்திரையை நிறுத்தினோம். காட்டைவிட்டு வந்தாகிவிட்டது, இனி எதற்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். குளிர் வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து.

டவுனில் இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஊரில் சளிக்காய்ச்சல் பரவியிருந்த சமயம். பகாங் போய் வந்ததைச் சொன்னேன். "அங்க இருக்கறப்ப காய்ச்சல் இல்லதானே? அப்ப இது வேற" என்று டாக்டர் மருந்துத் தண்ணீர் கொடுத்தார். மாலைக்குள் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. செல்வி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். எனக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் மறுபடி ஏறியது. அதற்கு அடுத்த காலையில் தண்ணீர் கொண்டுபோனபோது என்னை உற்றுப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள். வீட்டுக்கு வந்த அந்நியரைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதைதான் என்னை நடுங்க வைத்தது.

பக்கத்து வீட்டு மீனாட்சி அக்காவைக் கூப்பிட்டேன். அவர் மலாக்கா செட்டி குடும்பத்துப் பெண். பெயர் தமிழ், பேச்சு மலாய். செல்வியின் கண்களைப் பார்த்ததும், "ஜாஙான் துங்கு லாகி" என்றார். இனியும் காத்திருக்காதே என்று அர்த்தம். குமாரைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டு, தெருவில் போன பேச்சாக்காரரை நிறுத்தினார். அந்த மூன்று சக்கர வண்டியில் பாதி வழி போவதற்குள் என் மடியில் செல்விக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகிக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, "பிள்ளையைக் காட்டுப் பக்கம் எங்கயேன் கொண்டு போனனீங்களோ?" என்று கேட்டார்.

"பகாங் போனோம் டாக்டர். தினமும் மாத்திரை குடுத்தேன்."

"எப்ப நிப்பாட்டினனீங்கள்?"

"வீட்டுக்கு வந்தன்னைக்கே. அங்கதானே கொசு."

அவர் கோபப்படவில்லை. "அங்க கடிச்சது இங்க வந்துதான் வெளிக்காட்டும், அம்மா. திரும்பி வந்தாப் பிறகும் நாலு கிழமைக்குக் குளிசை குடுக்க வேணும். இதை ஒருதரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

திரும்பி வந்தும் நாலு வாரம் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அது மூளை மலேரியா (கிருமி இரத்தக் குழாய்களை அடைத்து மூளையைப் பாதிக்கும் வகை). குயினைன் (மலேரியாவுக்கான கசப்பு மருந்து) கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். மண்ணீரல் (இடது விலாவின் கீழ் உள்ள உறுப்பு) வீங்கியிருந்தது. செல்வி கண் திறக்கவில்லை. பிழைப்பாளா என்று கேட்டேன். "இண்டைக்கு ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார் டாக்டர்.

எதிர்க் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். அங்கே இருந்த தாயின் அழுகை திரைக்குள்ளிருந்து வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அது எங்கள் கட்டிலுக்கும் வந்துவிடும் என்று பயந்தேன். மகளின் வயிறு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறாமல் நிற்கும் ஒவ்வொரு கணமும் என் மூச்சும் நின்றது.

தந்தி கிடைத்து என் கணவர் வந்து சேர்ந்தபோதும் அவள் விழிக்கவில்லை. செருப்பில் பகாங் மண் ஒட்டியிருந்தது. "ஒரு நாளும் வலை இல்லாம படுக்கலியே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குமாரின் இரத்தத்தையும் சோதித்தார்கள். கிருமி தென்படவில்லை. ஆனாலும் அவனுக்கு உடனே மாத்திரை தொடங்கினார்கள். அவன் தும்மினால்கூட நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம்.

செல்வி விழித்தது ஒரு காலை நேரத்தில். என்னைப் பார்த்தாள். "அம்மா, காதுக்குள்ள வண்டு கத்துது" என்றாள். அது குயினைனால் வரும் இரைச்சல், மருந்து நின்றால் போய்விடும் என்று தாதி சொன்னார். என் காதில் விழுந்தது "அம்மா" மட்டும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் நடை கொஞ்ச காலம் தள்ளாடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்லச் சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதத்துக்குள் நான் எதை எதையோ நினைத்து முடித்திருப்பேன். மெல்ல எல்லாம் சரியாயிற்று. மறு வருஷம் பள்ளி ஓட்டப் பந்தயத்திலும் ஓடினாள்.

சரியாகாதது நான்தான். பயணம் வீட்டு வாசலில் முடிவதாக முன்பு நினைத்திருந்தேன். உடம்புக்கு வேறு கணக்கு இருக்கிறது. ஊர் திரும்பி, பெட்டியைப் பரணில் ஏற்றி, எல்லாம் மறந்த பிறகும் அது இன்னும் அந்தக் காட்டிலேயே இருக்கலாம். போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தால், எவ்வளவு நாளாகியிருந்தாலும் சரி, போன இடத்தைச் சொல்லி இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் போங்கள்.

இப்போதும் பள்ளி விட்டு வந்து செல்வி கண் அசந்தால், கதவருகே நின்று அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் அப்படி நிற்கும்போது, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அம்மா, நான் சும்மாதான் தூங்குறேன். நீ போ."