நாற்பது போத்தல்

நேற்று ஊறுகாய்ப் போத்தலில் ஒட்டியிருந்த லேபலை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். வாசம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. வயசானால் ஊறுகாய்ப் போத்தல்கூடப் பழிவாங்கும் போல.

ஸ்பிரிட் வாசம் என்றால் எனக்குப் பலாபத்வலைக்கு அப்பால் இருந்த மிளகு ஆய்வுக்கூடம்தான். சண்டைக்காலம். உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுமாணிப் பட்டத்துக்காக நானும் புஷ்பமும் அங்கே மிளகுத் தளிர்களைப் போத்தலுக்குள் வளர்த்துக்கொண்டிருந்தோம். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையிலிருந்து கம்பஸுக்கு வந்த முதல் ஆள் அவள். அவள் கன்றுகள் தளதளவென்று நிற்கும். என்னுடையவை பூஞ்சணம் பிடித்து நாறும். பொறாமைதான், வேறென்ன!

அங்கே ஒரு வழக்கம். எந்தப் போத்தலானாலும் உள்ளே என்ன, யாருடையது என்று எழுதி ஒட்டவேண்டும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கு இறுமாப்பு வேறு. ஒருநாள் கண்டியிலிருந்து அமோனியம் நைத்திரேற்று எடுத்துவந்தோம், கன்றுகளுக்கு ஊட்டமாகக் கொடுக்கிற உப்பு. எனக்காகத்தான். எனக்கு ஒதுக்கிய பங்கு முடிந்திருந்ததால் புஷ்பத்தின் பங்கில் வாங்கி, அவள் பெயரை அழகாக எழுதி, என் பையில் வைத்தேன். குண்டு செய்கிறவர்களும் அதைத்தான் தேடுவார்கள் என்று இரண்டு பட்டதாரி மண்டைகளுக்கும் உறைக்கவில்லை.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். சிப்பாய் என் பையிலிருந்து போத்தலைத் தூக்கினான். “மேக்க காகெத?” யாருடையது என்று கேட்டான். நான் லேபலைக் காட்டினேன். பிறகு அவளைக் காட்டினேன்.

புஷ்பம் என்னை ஒருதரம் பார்த்தாள். தன்னுடையதுதான் என்று அவனிடம் சிங்களத்தில் சொன்னாள். ஜீப்பில் ஏறும்போது என்னிடம், “கன்னுங்களப் பாத்துக்கடி” என்றாள்.

என்னை விசாரித்துச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். அவளை நாலு மாதம் வைத்திருந்தார்கள். எங்கள் பேராசிரியர் கடிதத்தோடு அலைந்தார். நான் ஒருநாளும் போகவில்லை. கன்றுகளைப் பார்த்துக்கொண்டேன், நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்தவளைக் கம்பஸில் திரும்பச் சேர்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள். வலது கை விரல்கள் மடங்கவில்லை.

“என்னாடி, ஒன்னாவது உசுரோட இருக்கா?”

“எல்லாம் பூஞ்சணம் புடிச்சி செத்துப்போச்சி, புஷ்பம்.”

“உட்டுத்தள்ளு, நீ என்னா பண்ணுவ” என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பாவி நான், அழக்கூடச் செய்தேன்.

சாவடி இருந்த இடத்தில் இப்போது இளநீர் விற்கிறார்கள். ஆய்வுக்கூடம் பூட்டிக்கிடக்கிறது. புஷ்பம் எங்கே போனாளோ, நான் தேடவுமில்லை. அவளை விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, அவள் கன்றுகள் தளதளவென்று நின்ற நாற்பது போத்தல்களிலும் அவள் பெயரை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, என் பெயரை முத்து முத்தாக எழுதி வைத்திருந்தேன்.