பதினெட்டாம் நம்பர் ஊசி

டொக், டொக், டொக். மாடிப்படியின் கடைசிப் படியில் ஒரு ஜீன்ஸ் காலை மடித்து வைத்து மரச்சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கிறார் டிரைவர். மடிப்பின் மேல் மடிப்பு ஏறி விரல் கனத்துக்குப் புடைத்திருக்கும் இடத்தில்தான் அடி விழும். எட்டு அடி அடிப்பார், கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், திருப்தியில்லாமல் இன்னும் நாலு அடி அடிப்பார். கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “என்ன டிரைவரே, இன்னிக்கு யாரைப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க?” என்பாள். “பேண்ட்டுதாங்க. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது” என்பார் தலை நிமிராமல்.

நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பதுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன பெரிய கைகள். அந்தக் கைக்குள் ஊசி போனால் திரும்பி வருமா என்று பார்க்கிறவர்களுக்குக் கவலையாக இருக்கும். காலை ஷிஃப்ட் முடித்து மதியம் வீடு வந்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் தையல் மிஷின் அவர் கைக்கு வரும். அதுவரை அது மனைவியின் ராஜ்யம். அவள் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கவுன் தைக்கிறவள். “மெல்லிசு எனக்கு, முரடு அவருக்கு. பாகப்பிரிவினை எப்பவோ முடிஞ்சுபோச்சு” என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மிஷின் சின்னது. கைப்பிடி பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். மனைவியின் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. பழுது பார்க்க வந்த மெக்கானிக் ஒருமுறை அதன் வயிற்றைத் திறந்து, அடியில் அப்பியிருந்த நீலப் பஞ்சைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “இது வீட்டு மிஷினுங்க. கவுன் தைக்கலாம், தலகாணி உறை தைக்கலாம். ஜீன்ஸு, கித்தான்னு போட்டு வதைச்சீங்கன்னா மோட்டார் புகைஞ்சுரும், சொல்லிட்டேன்.” டிரைவர் கைகட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். மெக்கானிக் வாசல் தாண்டும்வரை காத்திருந்தார். பிறகு தன் பேருந்தின் கிழிந்த இருக்கை உறையை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தார்.

வெளியாள் வேலையெல்லாம் அவரைத் தேடி வந்ததற்கு அந்த இருக்கைதான் ஆரம்பம். உறையைத் தைத்துத் தரச் சொல்லிப் பணிமனைக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தும் ஒன்றும் நடக்காததால், ஒரு நாள் அதைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். தைத்து மாட்டியதைப் பார்த்து மற்ற டிரைவர்கள் வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பணிமனையில் ‘கித்தான்’ என்று பெயர். கருவிப் பை, கூடாரத் துணி, நாய்ப் பட்டை என்று கடைக்காரர்கள் கையை விரித்ததெல்லாம் கித்தானிடம் வந்து சேர்கிறது.

ஊசி ஒடியாமலா இதெல்லாம் நடந்தது? மாத்திரை வந்த ஒரு கண்ணாடிச் சீசாவில் இருபத்துமூன்று ஒடிந்த ஊசிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். கேட்டால் குலுக்கிக் கொட்டி ஒவ்வொன்றாகக் காட்டுவார். “இது அவசரப்பட்டது. இது இழுத்தது. இதுவும் இழுத்தது. இது... அன்னிக்கு இவகூட சண்டை.” கனத்த மடிப்பில் மிஷின் திணறும்போது பின்பக்கமாகத் துணியைப் பிடித்து இழுக்கத்தான் எல்லாருக்கும் கை வரும். இழுத்தால் ஊசி வளையும். வளைந்த ஊசி அடித்தகட்டில் இடித்து ஒடியும். இதைத் தெரிந்துகொள்ள அவருக்குப் பதினெட்டு ஊசிகள் ஆயின.

இப்போது பாடம் வேறு. “மேட்டுல வண்டி திணறுனா கியரக் கொறைக்கிறோமில்ல? அதேதான்” என்பார். துணியில் மேடு வந்ததும் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். வலக்கையால் சக்கரத்தைத் திருப்பி, ஒவ்வொரு தையலாக ஊசியை இறக்குவார். துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பாதம் மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டால், ஒரு பழைய ஜீன்ஸ் துண்டை நாலாக மடித்துப் பாதத்தின் பின்பாதிக்கு அடியில் சொருகுவார். முன்னும் பின்னும் மட்டமானதும் பாதம் தானாக நகரும். அந்தத் துண்டுக்கு ‘கல்லு’ என்று பெயர் வைத்திருக்கிறார். “ஏத்தத்துல நிக்கிற வண்டிக்குப் பின்சக்கரத்துல கல்லு வைக்கிறதில்லையா? வண்டியை யாரும் இழுக்கக் கூடாது. அது தானா ஏறும்.”

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மனைவியால் திருத்த முடியவில்லை. தைத்து முடித்ததும் நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பார். கைக்கெட்டும் தூரத்தில் கத்தரி கிடக்கும். “ஏங்க, ஊரான் பேண்ட்டுல வாய வைக்கிறீங்களே!” என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். “பல்லு பட்டாத்தாண்டி வேலை முடிஞ்சதா அர்த்தம்” என்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். ஜூடோ விளையாடுகிறவள். நாலு வருஷமாக அரையிறுதி வரை போய்த் தோற்று, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் ஜெயித்துவிட்டாள். ஜெயித்த கையோடு வந்தது வினை. எதிராளி இழுத்த இழுப்பில் சட்டையின் கழுத்துப் பட்டை பிடரிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்து தொங்கியது. கிழிந்த சட்டையோடு களத்தில் இறங்க விடமாட்டார்கள். தோழியின் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். கை இரண்டு விரற்கடை குட்டை என்று அளந்து பார்த்த அதிகாரி தலையை ஆட்டிவிட்டார். மணி ஒன்றரை. இறுதிப் போட்டி நாலு மணிக்கு.

“அப்பா...” என்று, போட்டி பார்க்க வந்திருந்த டிரைவரிடம் சட்டையை நீட்டினாள்.

டிரைவர் சட்டையை வாங்கிப் பட்டையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். துணி மேல் துணியாக மடித்து வைத்து, பிடித்து உலுக்குவதற்கென்றே செய்த பட்டை. அரங்கத்துக்கு எதிர்த் தெருத் தையல்காரர் அதைத் தொட்டதோடு சரி. “இதுக்கு ஃபேக்டரி மிஷின் வேணும்ணே. என்கிட்ட விட்டா ஊசி போயிரும்.” டிரைவர் வீட்டுக்குப் பைக்கைக் கிளப்பினார்.

மகள் கீழே விழுவதைப் பார்க்கத் தெம்பில்லாத மனைவி எப்போதும் போல வீட்டிலேயே இருந்தாள். மிஷினில் ஏதோ ஒரு குழந்தையின் ரோஜா நிறக் கவுன். கணவரின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். கவுனை உருவி மிஷினைக் காலி செய்தாள். ஊசிப் பெட்டியில் பதினெட்டாம் நம்பர் ஊசி ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. வேறு எந்த ஊசியும் அந்தக் கனத்துக்குத் தாங்காது.

பிய்ந்த நூலைப் பிரித்தார். படியில் வைத்து அடித்தார். கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

முதல் அரைச் சாண் ஒழுங்காக ஓடியது. பட்டை, முதுகுத் தையலைத் தாண்டும் இடம் வந்தது. அதுதான் மேடு. பாதம் மூக்கைத் தூக்கிக்கொண்டது. மோட்டார் உறுமியதே தவிர துணி நகரவில்லை. காலை எடுத்தார். சக்கரத்தைத் திருப்பினார். ஊசி இறங்கியது, ஏறியது, அதே ஓட்டையில் மறுபடி இறங்கியது. மணி மூன்றாகப் பத்து நிமிஷம். பதற்றத்தில் அத்தனை பாடமும் மறந்துபோய், அவருடைய இடக்கை மெல்ல மிஷினுக்குப் பின்னால் போனது.

“கையை எடுங்க” என்றாள் மனைவி.

“இல்லடி, லேசா ஒரு...”

“இழுக்காதீங்க. சீசாவுல இருபத்தினாலாவதாச் சேக்கணுமா? கல்லு எங்க?”

அவர் கையை எடுத்தார். அவளே மிஷின் அடியில் துழாவி ஜீன்ஸ் துண்டை எடுத்தாள். ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, பின்பாதிக்கு அடியில் சொருகி, பாதத்தை இறக்கினாள். “இப்போ திருப்புங்க. வண்டி தானா ஏறும்.”

திருப்பினார். ஊசி புதிய இடத்தில் இறங்கியது. டக். இன்னொரு தையல். டக். மேட்டின் உச்சியில் ஒரு முறை முனகியது மிஷின். பிறகு மறுபக்கம் இறங்கி ஓடியது. டிரைவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு வரிசையோடு விடவில்லை, பக்கத்திலேயே இன்னும் இரண்டு வரிசை ஓட்டினார். நூலைக் கடிக்கக் குனிவதற்குள் அவள் கத்தரியால் நறுக்கிச் சட்டையைப் பிடுங்கிப் பையில் திணித்தாள்.

“நூலு தொங்குதுடி.”

“தொங்கட்டும். கிளம்புங்க, நானும் வரேன்.”

நாலு மணிக்கு மகள் களத்தில் நின்றாள். எதிரில் நின்றவள் அவளைவிட ஒரு தலை உயரம். எடுத்த எடுப்பில் நீண்ட கையைப் பிடரிக்குக் கொண்டுபோய்ப் பட்டையை வாகாகப் பற்றிக்கொண்டாள். அரங்கம் முழுக்க இரண்டு பெண்களைப் பார்த்தது. டிரைவர் மட்டும் தையலைப் பார்த்தார். முதல் உலுக்கலுக்குச் சீசாவிலிருக்கும் இருபத்துமூன்று ஊசிகளும் அவர் வயிற்றில் குத்தின. இரண்டாவது உலுக்கலுக்கு மகள் முழங்கால் மடங்கிற்று. பட்டை அசையவில்லை. பிய்ந்த இடம் இதுதான் என்று தெரிந்து அங்கேயே இழுக்கிறாள் அந்த உயரக்காரி. இழுக்க இழுக்கத் தன் கனத்தையெல்லாம் அதன் மேலேயே போட்டாள். மகள் அதற்குத்தான் காத்திருந்தாள். சட்டென்று முதுகைத் திருப்பி, இடுப்பில் ஏற்றி, தோளுக்கு மேலாகச் சுழற்றினாள். மெத்தையில் தொப்பென்று ஒரு சத்தம். உயரக்காரியின் முதுகு முழுதும் தரையில் கிடந்தது. நடுவர் கையைத் தூக்கினார்.

அரங்கம் அதிர்ந்தது. மகள் விழுவதைப் பார்க்க மாட்டேன் என்றவள் நாற்காலி மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். “என் பொண்ணு! அது என் பொண்ணு!” நாலு வருஷம் அடக்கி வைத்த சந்தோஷம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. டிரைவரும் அழுதார். கர்ச்சீப்பைத் தேடவில்லை.

பதக்கம் கழுத்தில் ஆட மகள் ஓடி வந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு கன்னம் கன்னமாக முத்தமிட்டாள். கோச் படம் எடுக்க ஃபோனை நீட்டினார். “அப்பா, நீங்களும் வாங்க” என்று மகள் கையை இழுத்தாள்.

“இரு இரு. அப்படித் திரும்பு” என்றார் டிரைவர்.

அவள் திரும்பினாள். வியர்வையில் ஒட்டியிருந்த பின்னலை ஒதுக்கினார். மூன்று வரிசைத் தையலை முனையிலிருந்து முனைவரை கட்டைவிரலால் தடவினார். கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டையை இரண்டு விரலால் பிடித்துக் குனிந்து, அதைப் பல்லால் கடித்து அறுத்தார்.