வசுமதிக்கும் கதிரேசனுக்கும் ஒரு ஸ்நானம்

சேதி வந்தபோது தொழிற்சாலையின் மத்தியானச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. கல்பகம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஹைதராபாத் சனத்நகர் குவார்ட்டர்ஸில் அந்த வேளையில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. பக்கத்து வீட்டு ராஜம் தட்டினாள்.

“மாமி, ஆலத்தூரான் செத்துட்டாராம். எங்க அண்ணன் காலையில மெட்ராஸ்லேருந்து வந்தாரு. பேப்பர்ல போட்டிருக்காம்.”

ஆலத்தூரான் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர். கல்பகம் அவரைப் பார்த்ததில்லை. அவர் படம்கூட எங்கும் வந்ததில்லை.

“அப்போ கதை?”

“வாராவாரம்தான் எழுதி அனுப்புவாராம். கைவசம் ஒண்ணும் இல்லையாம். இப்போ அபயாம்பா மாமிகிட்ட இருக்குதே, அதுதான் கடைசி.”

“நீ படிச்சுட்டியே. அதிலே...” என்று ஆரம்பித்த கல்பகம் நிறுத்திக்கொண்டாள். ராஜமும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்று வீட்டுக்கும் பத்திரிகை ஒரே பிரதிதான். மெட்ராஸிலிருந்து செகந்திராபாத் கடைக்கு அது வந்து சேர வெள்ளிக்கிழமையாகிவிடும். முதல் முறை ராஜத்துக்கு, அடுத்தது இரண்டு வீடு தள்ளி இருக்கும் அபயாம்பாளுக்கு, கடைசி கல்பகத்துக்கு. கடைசி ஆளுக்குக் கதைப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதால் அந்த முறையை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். முன்னால் படித்தவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பது ஏற்பாடு. அதை இதுவரை யாரும் மீறியதில்லை.

கதையில் வசுமதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கதிரேசன் சர்வே இலாகாவில் இருந்துகொண்டு வடக்கே காடு மேடெல்லாம் அலைகிறவன். ஒரு நாள் வெளியூருக்கு ட்ரங்க் கால் பதிவு செய்யப் போனவன் அவள் குரலில் தடுக்கி விழுந்தான். அதற்குப் பிறகு பேச ஆளே இல்லாத நம்பர்களுக்கெல்லாம் கால் போட்டான். அவள் “லைன் கிடைக்கலை சார்” என்பாள். அதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

கல்பகம் கும்பகோணத்தில் பி.ஏ. படித்தவள். சக்ரபாணிக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்து பத்து வருஷமாயிற்று. அவனைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஷிஃப்ட், பால் கார்டு, தண்ணீர் வரும் நேரம், இவற்றைப் பற்றி நாள் தவறாமல் அவளிடம் பேசுகிறவன்தான்.

ராஜம் போனதும் கல்பகம் எழுந்து குளியலறைக்குப் போய், டிரம்மிலிருந்த தண்ணீரை மொண்டு புடவையோடு தலையில் கொட்டிக்கொண்டாள். சாவுச் சேதி வந்தால் முதலில் ஸ்நானம் என்பது அவள் பிறந்து வளர்ந்த வீட்டுப் பழக்கம். கை தானாகச் செய்தது. மூன்றாவது சொம்பில்தான் நிதானம் வந்தது. ஆலத்தூரான் அவளுக்கு என்ன உறவு? அவருக்காகத் தீட்டுமில்லை, ஸ்நானமுமில்லை. இந்தத் தண்ணீர் அவருக்காக இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தாமல் இன்னும் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டாள்.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது அபயாம்பாள் வந்தாள். பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். ஆலத்தூரான் சேதி அவள் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

“ஏண்டி, இந்த வேளையிலே தலையோட குளிச்சிருக்கே? ஊர்லேருந்து தந்தி ஏதாவது?”

“தந்தியெல்லாம் இல்லை மாமி.”

“கண்ணெல்லாம் செவந்திருக்கே. யாருடி?”

“உறவில்லை. தெரிஞ்சவா. ரெண்டு பேர்.”

“ரெண்டு பேரா! பகவானே! ஆம்படையான் பொண்டாட்டியா?”

“இன்னும் ஆகலை” என்றாள் கல்பகம்.

அபயாம்பாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். பத்திரிகையை நீட்டப் போனவள் சட்டென்று பின்னால் இழுத்தாள். “துக்கத்திலே இருக்கறவாகிட்ட கதைப் புஸ்தகம் குடுக்கலாமோ படாதோ, தெரியலையே” என்று முணுமுணுத்து, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

கல்பகம் அதைத் தொடவில்லை. படிக்காமல் இருக்கிறவரை இன்னும் ஓர் அத்தியாயம் பாக்கி இருக்கிறது. எல்லோருக்கும் முடிந்துபோன கதை அவள் ஒருத்திக்கு மட்டும் முடியாமல் இருக்கிறது. இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தீர்மானித்தாள்.

அபயாம்பாளின் பிள்ளை வாசுவும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. சாப்பாட்டுக்கு வந்து திரும்பியவன் வழியாகச் சேதி சக்ரபாணியிடம் போயிற்று. கல்யாணம் நிச்சயமான ஜோடியாம், இரண்டு பேருமே போய்விட்டார்களாம், உங்கள் வீட்டில் குளித்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறாளாம். சக்ரபாணியின் தங்கை ருக்மிணிக்குப் போன மாதம்தான் கும்பகோணத்தில் நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது.

யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு அவன் வந்து சேர்ந்தான். வாசலில் அவர்கள் பெண் ஜலஜா பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

“என்னடி ஆச்சு? அம்மா என்ன சொன்னா?”

“மாலும் நை அப்பா. அம்மா பாத்ச் நை கர்ரீ” என்றாள் குழந்தை தெருவில் கற்ற உருதுவில், ஒற்றைக் காலில் நின்றபடியே. தெரியாது, அம்மா பேசவேயில்லை என்றதும் அவனுக்கு மிச்சமிருந்த தைரியமும் போயிற்று.

உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டான். “ருக்மிணியா?”

“என்னது?”

“மறைக்காதே. ருக்மிணியும் அந்தப் பையனுமா?”

அவளுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. “ஐயோ, அவாளுக்கு ஒண்ணுமில்லைன்னா! இது வேற.”

“வேற யாரு?”

“வசுமதியும் கதிரேசனும்.”

“எந்த வசுமதி?”

கல்பகம் ஜன்னலைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அங்கே பத்திரிகையைத் தவிர வேறெதுவும் இல்லை.

சக்ரபாணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை.

“ஃபோர்மன் முன்னாலே அழுதுட்டேன்டி” என்றான். “நாளைக்குக் கேப்பார். யார் செத்தான்னு சொல்றது?”

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்து போய்ப் பத்திரிகையை எடுத்தான்.

“படிக்காதேங்கோ. நான் இன்னும் படிக்கலை.”

“படிக்காமலேவா குளிச்சே?”

உரக்கவே படித்தான். முதலில் ஒவ்வொரு வரியையும் பாகவதர் மாதிரி இழுத்து இழுத்து வாசித்தான். கல்பகம் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவனை அப்படிப் பதற வைத்த பிறகு அதற்குத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. கதிரேசன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினான். வசுமதி எக்ஸ்சேஞ்சில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். இன்று ஏன் அந்தக் கால் வரவில்லை என்று கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் போட்ட கால்களில் ஒன்றுகூடத் தவறாமல் அவளுக்கு ஞாபகமிருந்தது. வரவர சக்ரபாணியின் குரலில் இழுப்பு நின்றுபோயிற்று. வண்டி ஒரு பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. தொடரும்.

பக்கத்தைத் திருப்பினான். பின்பக்கத்தில் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம்.

“அவ்வளவுதானா? இவன் எப்போ இறங்கறான்?”

“இறங்கலை.”

“இறங்கலைன்னா?”

“எழுதினவர் போயிட்டார்.”

அவன் பத்திரிகையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனான். அவளுக்கு மிஞ்சியிருந்த ஓர் அத்தியாயமும் தீர்ந்துவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இருவரும் தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றிக்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

விஷயம் வெளியானதும் அபயாம்பாள் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. “அந்த ரெண்டு பேருக்காகவும் விளக்கேத்தி ராமநாமம் சொன்னேனேடி” என்று பிறகு ஒரு நாள் ஆற்றாமையோடு சொன்னாள். சக்ரபாணி ஃபோர்மனிடம், செத்தது மனைவியின் சிநேகிதி என்று சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு அவன் பேச்சில் எப்போதாவது “உன் சிநேகிதி” என்று வரும். கேலிதானா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடிந்ததில்லை.

பத்திரிகை வேறொருவரை வைத்துக் கதையை முடித்தது. ராஜம் ஓடி வந்தாள்.

“மாமி, தாலி கட்டிட்டான்! வந்து படிங்க!”

“முதல் தடவை நேர்லே பார்த்தப்போ அவ என்ன பேசினா?”

“பேசினாளா? அதெல்லாம் போடலையே. ரெண்டு பேரும் சிரிச்சாங்கன்னு இருக்கு.”

“அப்போ அவ வேற யாரோ” என்றாள் கல்பகம். தன் முறையையும் ராஜத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தொடர்கதை எதையும் படிக்கவில்லை. கேட்பவர்களிடம் கண் வலிக்கிறது என்பாள். ராத்திரி சனத்நகர் ஸ்டேஷன் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டால், அது தேய்ந்து மறைகிறவரை புரண்டு படுக்காமல் கிடப்பாள்.

எழுபதுகளின் கடைசியில் செகந்திராபாத்துக்கு வடக்கே அல்வாலில் சொந்த வீடு கட்டிக் குடிபோனார்கள். ஜலஜா கல்யாணமாகி நாக்பூர் போனாள். ஆலத்தூரானின் கதை வந்துகொண்டிருந்த வருஷம், பத்திரிகை தன் முறைக்கு வருகிற வியாழன்வரை கை சும்மா இருக்கவேண்டாம் என்று, குழந்தை ஜலஜாவுக்காக ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருந்தாள் கல்பகம். பச்சைக் கம்பளி. உடம்பும் வலது கையும் முடிந்திருக்கின்றன. இடது கை முழங்கைக்கு மேலே, ஊசியோடு நிற்கிறது.