பூவரசம் பட்டையும் அண்ணையின் காலும்

அண்ணையின் காலில் திருக்கை முள் ஏறியபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வல்வெட்டித்துறைக் கரையில் வலையிலிருந்து நழுவிய மீனைத் தெரியாமல் மிதித்துவிட்டார். ஏற்கெனவே நீரிழிவு, சீனி வருத்தக்காரர். வீட்டில் மிச்சம் கிடந்த அன்ரிபயோட்டிக் குளிசைகளில் நாலைந்தை விழுங்கிவிட்டு மறுபடி கடலுக்குப் போனார். மூன்றாம் வாரம் பாதம் கறுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மருந்துக்கு அடங்காத கிருமிகளை மரஞ்செடிகளின் சாறு கொல்லுமா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அப்போது பூவரசம் பட்டையை உலர்த்தி, இடித்து, சாறெடுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணையின் சீழைச் சோதித்த அறிக்கையை வைத்தியர் என்னிடம் நீட்டினார். வரிசையாக மருந்துகளின் பெயர்கள். ஒன்றைத் தவிர எதற்கும் அந்தக் கிருமி அடங்காது என்று இருந்தது. அந்த ஒன்று சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. அண்ணையின் சிறுநீரகம் முன்பே பழுது என்பதால் அதைக் கொடுக்கப் பயந்தார்கள்.

உரியவர்களிடம் அனுமதி வாங்கி அந்தக் கிருமியை எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்து தட்டில் வளர்த்து, அதன் மேல் மருந்துகளையும் சிறு குழி வெட்டி என் சாற்றையும் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தபோது, அடங்காத மருந்துகளை வைத்த இடங்களில் எல்லாம் அது செழித்துக் கிடந்தது. என் சாறு விட்ட குழியைச் சுற்றி மட்டும் நகத்தளவு வெளி. அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. போனில் படம் எடுத்தேன். அன்று பின்னேரமே அதை அண்ணையிடம் காட்டி, பூவரசம் பட்டைச் சாறு என்றும் சொன்னேன். காட்டியிருக்கக் கூடாது.

"உது என்ரை காலிலை இருக்கிற கிருமியே?"

"ஓம் அண்ணை."

"அப்ப உந்த மருந்தை எனக்குப் போடு."

"இது மருந்தில்லை அண்ணை. தட்டிலை வேலை செய்யிறது ஆளிலை செய்யுமெண்டு சொல்லேலாது. நஞ்சாயும் போகலாம்."

"என்னையும் ஒரு தட்டெண்டு நினைச்சுக்கொண்டு போடன்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிர் தப்பும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அண்ணை கையெழுத்து வைக்க மறுத்தார். "தங்கச்சியிட்டை மருந்து இருக்கு" என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். நான் கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். அவர் யார் சொல்லும் கேளாமல் வீட்டுக்குப் போய்விட்டார். கோபத்தில் நான் நாலு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐந்தாம் நாள் அண்ணி போன் அடித்தார். "காய்ச்சல். கதைக்கிறது விளங்கேல்லை. கெதியா வா."

போனபோது வேலிப் பூவரசுகள் ஆள் உயரத்துக்கு உரிபட்டு நின்றன. அடுப்பில் ஒரு பானை பழுப்புத் தண்ணீர். அண்ணி பட்டையை அவித்து, காலையும் மாலையும் அந்தப் புண்ணில் ஊற்றியிருக்கிறார். எனக்குச் சொல்ல வேண்டாம் என்பது அண்ணையின் கட்டளை. திரும்பவும் ஆஸ்பத்திரி. காலை எடுத்தார்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு கழிந்த பிறகு அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நான் அவிச்சது பிழையோ? நீ செய்து தந்திருந்தா இருந்திருப்பாரோ?"

"இல்லை அண்ணி. ஆர் செய்திருந்தாலும் சுகம் வந்திராது."

"அப்ப ஏன் அவருக்கு அந்தப் படத்தைக் காட்டினனீ?"

சந்தோசத்தில் காட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும். அதன் பிறகு அண்ணி என்னோடு கதைப்பதில்லை.

சில மாதங்கள் கழித்து, சாற்றைத் தோலின் உயிரணுக் கலங்களில் விட்டுப் பார்த்தோம். கிருமியைக் கொல்லும் அளவே கலங்களையும் கொன்றது. நல்லதை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்று எங்கள் கூடத்துப் பேராசிரியர் சொன்னார். பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க அதன் வலு குறைந்துகொண்டே போனது. அதை விட்டுவிட்டு இப்போது வேறொரு செடியின் இலையை அரைத்துக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கையோடு என்று சொல்லமாட்டேன். எனக்கு வேறு வேலை தெரியாது.

போன கிழமை இன்னொரு கிருமி வந்தது. பருத்தித்துறைப் பக்கத்து நோயாளி ஒருவருடையதாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் அந்தக் கடைசி மருந்துக்கும் அது அடங்கவில்லை. என் இலைச் சாற்றுக்கும் அடங்கவில்லை. அந்த ஆள் யார், எப்படி இருக்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை.