முதுகோடு முதுகு

லண்டனில் கழுத்து வலிக்கு மருந்து கேட்டுப் போனால் நெஞ்சை நிமிர்த்தச் சொல்கிறார்கள். தைலம் கிடையாது, ஒத்தடம் கிடையாது. நாள் முழுக்க டைப்ரைட்டர் மேல் கவிழ்ந்து கிடந்து, கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புகிறவனாக ஆகிவிட்ட என்னை ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபி அம்மாளிடம் அனுப்பினார்கள். முதுகில் உள்ள இரண்டு தோள்பட்டை எலும்புகளும் ஒன்றையொன்று தொடப்போவதுபோல் பின்னால் நெருக்க வேண்டும். சற்று நிறுத்தி மெல்லத் தளர்த்த வேண்டும். தோள் காதுப் பக்கம் ஏறக்கூடாது. வைத்தியம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த அம்மாளுக்கு என் அத்தை வயது. திண்டுக்கல்லில் பெரியவர்கள் முன்னால் தோளைக் குறுக்கிக் கைகட்டி நிற்பவன்தான் நல்ல பிள்ளை. நிமிர்ந்தால் திமிர் என்பார்கள். அவள் அந்தப் பக்கம் நகர்ந்தால் எலும்புகள் அழகாக நெருங்கும். கிட்டே வந்தால் தோள் தானாகச் சுருங்கிவிடும். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, உங்கள் மேல் மரியாதை என்றேன். பசியில் உளறுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, காலையில் ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டு, டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு செய்துதான் குணமானேன்.

அந்த வித்தையோடு கப்பலேறி விடுமுறைக்கு ஊர் போனேன். என் அப்பா டெய்லர். காலமெல்லாம் தையல் மிஷினில் குனிந்த அவர் கழுத்து என்னுடையதைவிட மோசமாக இருந்தது. சுளுக்கு என்று நினைத்துத் தலையணையை வெயிலில் காயவைத்துப் பார்த்திருக்கிறார். கால் முன்னே வரப் பிறந்த ஒருவரைச் சிறுமலையிலிருந்து கூட்டிவந்து காலால் நீவிவிடச் சொல்லியும் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. மிஷினை விற்றுவிடலாமா என்று அப்பா கேட்டதை அம்மா என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கும் பயமாகிவிட்டது. அந்த மிஷின் இல்லாமல் அவரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கற்றுத் தருகிறேன் என்று எதிரே போய் நின்றேன். அப்பாவைப் பார்த்ததும் என் தோள் மடங்கிவிட்டது. மறுபடி முயன்றேன், மறுபடி மடங்கியது.

"மூணு வருசம் சீமையில இருந்து இதத்தான் படிச்சியாக்கும்?" என்றார். அவருக்கும் மகன் முன்னால் கோழி மாதிரிச் சிறகை ஒடுக்கிக்கொண்டு நிற்பது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பிறகு, "ஏலே, அங்கிட்டுத் திரும்பி நில்லு. நானும் திரும்பிக்கிறேன்" என்றார்.

முதுகோடு முதுகு ஒட்டி நின்றோம். என் எலும்புகள் நெருங்குவதை அவர் தன் முதுகாலேயே தெரிந்துகொண்டு, அதேபோல் செய்தார்.

"தோளத் தூக்காதீங்கப்பா."

"தூக்கல. நீ ஒஞ் சோலியப் பாரு."

நினைவு தெரிந்து நான் அப்பாவை அவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டு நின்றதில்லை. தினமும் காலையில் அடுப்படிக்குப் பின்னால் இதே கூத்து. ஆளுக்கொரு திசை பார்க்கும் மாடுகள் மாதிரி இருக்கிறீர்கள் என்று அம்மா சிரித்தாள். நான் புறப்படும் முன்பே மிஷின் சத்தம் மறுபடி வாசல்வரை கேட்டது.

இங்கே லண்டனில் இப்போது யார் முன்னாலும் நிமிர்ந்து நிற்கிறேன். கழுத்தும் வலிப்பதில்லை. இருந்தாலும் காலையில் அறைச் சுவரில் முதுகை ஒட்டி நின்று எலும்புகளை நெருக்குகிறேன். அந்த நேரத்தில் அப்பாவின் முதுகு எனக்கு வேண்டியிருக்கிறது. "தோளத் தூக்காதீங்கப்பா" என்று சொல்லியும் பார்க்கிறேன். சுவர் சில்லென்று, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு, அசையாமல் நிற்கிறது.