பாலத்துக்கு மேலே டோரீன்

டெரிக் புல்லிமோருக்கு உட்காரத் தெரியாது. தேநீரைக்கூட நின்றபடிதான் குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் சமையலறைச் சன்னலுக்கு இரண்டு மூன்று தடவை போய், தெருமுனைக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது தாழ்வான வேலி. என் மேசையிலிருந்து பார்த்தால் அவருடைய நரைத்த தலை மட்டும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்க்கொண்டே இருக்கும். கூடவே ஒரு சத்தம் கேட்கும். கால்சட்டைப் பையில் கிடக்கும் படகுச் சாவியை அவர் விரல்கள் உருட்டிக்கொண்டே இருக்கும் சத்தம்.

இங்கிலாந்தின் நாரிச் நகரத்திலிருந்து கடற்கரைவரை வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் படகு வாங்கினார். வெள்ளை நிற மோட்டார் படகு. உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, டீசலில் எரியும் ஒரு ஹீட்டர். பெயர் டோரீன். முதல் சொந்தக்காரரின் மனைவி பெயர் அது. படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்பதில் நார்ஃபோக் ஆற்றுக்காரர்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதனால் டெரிக்கின் மனைவி ஹேசலுக்குக் கேலி பேச ஒரு பெயர் கிடைத்தது.

"போ, போ. அவ காத்துக்கிட்டிருப்பா. என்னை விட அவதானே ஒல்லி."

கோடையில் டெரிக் ஆற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். வாடகைப் படகுகளும் பீர் புட்டிகளுமாக ஆறு சந்தைக்கடை மாதிரி இருக்கும் அப்போது. அக்டோபர் முடிந்து, எல்லோரும் தங்கள் படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடும்போதுதான் அவருக்குப் பருவம் பிறக்கும். மூடும்போது இங்கே ஒரு பழக்கம் உண்டு. எஞ்சினுக்கு ஆற்றுத் தண்ணீர் இழுக்கும் வால்வை அடைத்துவிட்டு, எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவார்கள். வால்வு மூடியிருக்க எஞ்சினை ஓட்டினால் வெந்து போகும். சாவி அங்கே தொங்கினால், வால்வைத் தொடாமல் யாரும் எஞ்சினைத் தொட முடியாது. டெரிக் ஒரு குளிர்காலத்திலும் அப்படிச் செய்ததில்லை. அவர் சாவி எப்போதும் அவர் பையில்தான்.

நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். விடியலில் கயிறு உறைந்து கழி மாதிரி விறைத்திருக்கும். இருபுறமும் மஞ்சள் நாணல். மேலே காட்டு வாத்துகள் ஒரு நீண்ட வாக்கியத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டு போகும். எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், ஒரு படகும் இருக்காது. ஆனால் அவர் கட்டமாட்டார். கட்டினாலும் கெட்டில் கொதிக்கும் நேரம்தான். அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். இருந்தும் அது அங்கேதான் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தாக வேண்டும்.

அந்த நவம்பரில் ஹேசலின் வயிற்றில் கட்டி இருப்பதாக மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஹேசல் அப்போது குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நான் சன்னலில் இருந்தேன். போனைக் காதில் வைத்தபடியே தொட்டியின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து மூடினார். டெரிக் ஏரியில் இருந்தார். அங்கே போன் எடுக்காது.

அறுவை சிகிச்சை ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தின வாரம் ஹேசல் வேலிக்கு வந்தார்.

"கண்ணு, உன் கார் ஓடுதில்ல?"

"ஓடுது. சாருக்கும் கார் இருக்கே?"

"சாருக்கு கார் இருக்கு. சார் இருப்பாரான்னுதான் தெரியலை." சிரித்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். நூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே கேட்கிற சிரிப்பு; அன்று பாதியில் நின்றுவிட்டது. "எங்கம்மாவைப் புதைச்சப்போ ஆத்துல இருந்தான். இந்த போன் வந்தப்போ ஆத்துல இருந்தான். கெட்டவன் இல்லை. பயம் வந்தா அவனுக்குக் கால் நிக்காது. நான் மயக்க மருந்துலேருந்து கண்ணைத் திறக்கும்போது அந்த நாற்காலியில அவன் உக்காந்திருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம். அவன் இல்லேன்னா நீயாவது காரை எடு."

சனிக்கிழமை டெரிக், "பாலம்வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். பாலம்வரை போனவர் பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கமும் போய்விட்டார்.

தர்ன் ஆற்றின் குறுக்கே நிற்கும் அந்தப் பழைய கல்பாலத்தின் வளைவு குனிந்த முதுகு மாதிரி தாழ்வானது. முன்கண்ணாடியை மடக்கி, கூரைத் துணியை இறக்கி, தலையையும் இறக்கிக்கொண்டு நுழைய வேண்டும். தண்ணீருக்கும் வளைவுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைப் பக்கத்தில் ஒரு பலகை காட்டும். டோரீனுக்கு ஆறடி ஐந்து அங்குலம் வேண்டும். அவர் போனபோது இருந்தது. போன பிறகு காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டது. அந்தக் காற்று அடித்தால் கடல் நிமிர்ந்து நின்றுகொள்ளும், ஆற்றை உள்ளே விடாது. மழை வேறு. ஏறிய தண்ணீர் இறங்கவில்லை. பலகை ஆறடி இரண்டு காட்டியது.

பாலத்துக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம், ஆறு சீக்கிரமே தீர்ந்துவிடும். இரண்டு ஏரி, ஒரு கால்வாய், அவ்வளவுதான். போன வருடம் அப்படி மாட்டிய ஒரு படகு கோடைவரை கீழே வரவில்லை. மற்றவர்களுக்கு அது தொல்லை. டெரிக்குக்கு அது சிறை.

திங்கட்கிழமை ஹேசலும் நானும் காரில் போனோம். டெரிக் போனை எடுக்காததால் போனோம். பாலத்தருகே ஒரு சிறு கூட்டம். நடுவே லார்ட்டர். பாலத்தை ஒட்டிய மரவீட்டில் இருப்பவர், ஆற்றில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் பிறகு உதவுபவர்.

"வா ஹேசல். உன் புருஷன் எடைக்கு ஆள் எடுக்கறான். சாப்பாடு போடறதில்லையாம்."

இங்கே அதுதான் வழி. தண்ணீரை இறக்க முடியாவிட்டால் படகை இறக்க வேண்டியதுதான். பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி ஏற்றுவார்கள். போதாவிட்டால் மனிதர்களை ஏற்றுவார்கள். மதுக்கடையிலிருந்து ஐந்து பேர், நாணல் அறுக்கும் அண்ணன் தம்பி இருவர், லார்ட்டர். டோரீன் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் அமிழ்ந்தது.

"நீயும் ஏறு தம்பி" என்றார் டெரிக். என் பக்கம் பார்க்கவில்லை, ஹேசல் பக்கமும் பார்க்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி பைக்குள் உருண்டுகொண்டிருந்தது.

நான் ஏறினேன். எதுவும் நடக்கவில்லை.

"இவனை ஏத்தினதுக்கு ஒரு பூனையை ஏத்தியிருக்கலாம்" என்றார் லார்ட்டர்.

ஹேசல் கரையில் கைகட்டி நின்றிருந்தார். "இன்னிக்கு ஏன் இந்தக் கூத்து? இன்னும் ரெண்டு நாள்ல தண்ணி இறங்காதா?"

"நாளைக்கு மத்தியானம் காத்து திரும்புது. கொஞ்ச நேரம் இறங்கும். அப்புறம் மறுபடி வடமேற்கு, வாரக்கணக்குல." டெரிக் முதல்முறையாக அவரைப் பார்த்தார். "நாளைக்கு நான் இங்கே இருக்க முடியாதே."

"முடியாதா?"

"முடியாது."

"அதைக் கொஞ்சம் சத்தமா சொன்னா என்ன? ஊர்ல பாதிப் பேர் உன் படகுலதான் இருக்காங்க, கேட்டுக்கட்டும்." ஹேசல் கோட்டை இறுக்கிக்கொண்டு கரை விளிம்புக்கு வந்தார். "தள்ளுங்க. நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட என் எடையை இவன் கேட்டதில்லை. இன்னிக்குக் கேக்காமலே தரேன்."

அவர் காலை வைத்ததும் படகு மரியாதையாகத் தலைகுனிந்தது. ஒரு சிரிப்பலை எழுந்தது. டெரிக் கை நீட்டி அவரைப் பின்பெஞ்சில் உட்காரவைத்தார்.

எல்லோரும் குனிந்தோம். எஞ்சின் முனகியது. வளைவின் நிழல் முதுகில் ஈரத்துணி மாதிரி விழுந்தது. பாதி நுழைந்ததும் கூரையில் கல் உரசும் சத்தம். பல்லைக் கூச வைக்கும் சத்தம். படகு நின்றுவிட்டது.

"ஒரு விரக்கடைதான்" என்றார் லார்ட்டர், நெற்றி தரையில் பட. "இன்னும் கொஞ்சம் குடு, போயிடும்."

"குடுக்காதே. தண்ணி ஏறுது" என்றார் நாணல் அறுப்பவர்களில் ஒருவர். "மாட்டிக்கிச்சுன்னா முட்டை ஓடு மாதிரி நொறுங்கிடும்."

டெரிக்கின் கை விசைப்பிடியில் இருந்தது. முன்னே, வளைவின் மறுபக்கத்தில், வெள்ளி நிறத்தில் ஆறு. நான் பார்த்தவரை அவர் எதிலிருந்தும் பின்வாங்கியவர் இல்லை, ஓடியவர்தான், இரண்டும் வேறு. ஹேசல் குனிந்த வாக்கில் வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தார். டெரிக் திரும்பி அந்தக் கையைப் பார்த்தார்.

பிறகு பிடியைப் பின்னுக்கு இழுத்தார். கூரை மறுபடி உரசியது. வெளிச்சத்துக்கு வந்தோம், வந்த பக்கத்துக்கே.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். டெரிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "நீங்க போங்க. இதை முடிச்சிட்டு பஸ்ல வரேன்."

காரில் ஹேசல் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். "காலையில ஏழு மணிக்கு வண்டியை எடு. அவன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

காலையில் காரின் கதவைத் திறந்தபோது பின்சீட்டில் டெரிக் உட்கார்ந்திருந்தார். முந்தின இரவு வண்டியைப் பூட்ட மறந்திருக்கிறேன். கோட்டு, டை. டீசல் வாசனை. மடியில் ஹேசலின் பை.

"சீக்கிரம் வந்துட்டீங்க."

"வீட்டுக்குள்ள இருந்தா வெளியே போயிடுவேன்னு தோணிச்சு" என்றார்.

மருத்துவமனையில் ஹேசலைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கதவு மூடும்வரை டெரிக் கையாட்டினார், மூடிய பிறகும் கொஞ்ச நேரம். பிறகு நடக்க ஆரம்பித்தார். காபி எந்திரம், மீன்தொட்டி, சன்னல். சன்னல், மீன்தொட்டி, காபி எந்திரம். எதிரே இருந்த ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ குறைகிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பிறகுதான் பிடிபட்டது. கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது; சாவியின் சத்தம் இல்லை.

மத்தியானம் அவர் போன் அடித்தது. லார்ட்டருக்கு மெதுவாகப் பேச வராது, எனக்கும் கேட்டது.

"டெரிக், காத்து அடங்கிடுச்சு. பலகை ஆறு நாலு. நேத்தைய ஆளுங்க பாதிப் பேர் இருந்தாப் போதும். எங்கே இருக்கே?"

"எங்கே இருக்கேன்னு உனக்குத் தெரியும்."

"டாக்சி எடுத்தா ஒரு மணி நேரம். தண்ணி அதுவரைக்கும் நிக்குமான்னு தெரியலை. அவ மயக்கத்துலதானே இருக்கா? போயிட்டு வந்துடலாமே?"

டெரிக் சன்னலில் நெற்றியை வைத்தார். வெளியே ஆம்புலன்ஸ் நிறுத்தத்தில் ஒரு கொடி தொங்கியது, அசைவில்லாமல். அவர் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தார், வாடகைக் கார்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தார். டோரீனின் ஸ்டீயரிங் சக்கரத்தை வேறொருவர் கையில் அவர் கொடுத்து நான் பார்த்ததில்லை. என்னிடம்கூட, நேரான ஆற்றில்கூட.

"லார்ட்டர். பின்பெஞ்சுக்கு அடியில பலகையைத் தூக்கு. வால்வு இருக்கும். சாவி அதுலதான் தொங்குது."

"வால்வுலயா? நீயா மாட்டினே?"

"நேத்து சாயங்காலம். வால்வைத் திறந்துட்டு ஸ்டார்ட் பண்ணு. வளைவுக்கு நடுவுல போ, கொஞ்சம் இடது. சக்கரத்தை ரொம்பத் திருகிடாதே. அவ இடதுபக்கம் இழுப்பா."

"தெரியும். எல்லா டோரீனும் அப்படித்தான்."

லார்ட்டர் இணைப்பைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. டெரிக் காதில் வைத்தபடி நின்றார். பலகை தூக்கும் சத்தம். யாரோ திட்டினார்கள். எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது. காலடிகள், சிரிப்பு, "குனி, குனி". டெரிக்கின் இன்னொரு கை காற்றில் ஒரு சக்கரத்தைப் பிடித்திருந்தது. பிறகு எஞ்சினின் ஓசை மாறியது. கனத்து, எதிரொலித்தது. வளைவுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

"மிஸ்டர் புல்லிமோர்?" கதவருகே ஒரு நர்ஸ். "அவங்க கண்ணைத் திறக்கறாங்க. நல்லபடியா முடிஞ்சுது. வரீங்களா?"

போனுக்குள் கல் உரசுவது எனக்கே கேட்டது.

டெரிக் போனைக் காதிலிருந்து எடுத்தார், சிவப்புப் பொத்தானை அழுத்தினார், நர்ஸின் பின்னால் போனார். நான் கதவுக் கண்ணாடிவரைதான் போனேன். கதவு முழுக்க மூடவில்லை.

"டோரீன் வந்தாளா?" ஹேசலின் குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

"தெரியலை."

"தெரியலையா?"

"பாதி வளைவுல இருந்தா. போனை வெச்சுட்டேன்."

ஹேசல் சிரிக்கப் பார்த்தார், வலித்தது போலிருக்கிறது, நிறுத்திக்கொண்டார். டெரிக் நாற்காலியை இழுத்தார். அதன் நுனியில் உட்கார்ந்தார்.

என் போன் அதிர்ந்தது. லார்ட்டர்.

"வந்துட்டா. கூரையில ஒரு கீறல், நேத்து அவன் போட்டதுக்குப் பக்கத்துலேயே. சொல்லிடு அவன்கிட்ட. என்ன, போன்ல அவன் சத்தத்தையே காணோம்? ஹேசல் எப்படி?"

"நல்லா இருக்காங்க. அவர் எழுந்ததும் சொல்றேன்."

"எழுந்ததுமா? அவன் எப்போடா உக்காந்தான்?"

கண்ணாடி வழியே மறுபடி பார்த்தேன். முழங்கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. "இப்போதான்" என்றேன்.